விலை மாறியும் டெஸ்ட் பாஸ் ஆவது ஏன்?

காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி ஒன்றுக்கு ஜாங்கோவில் கணக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விலையைத் திருத்தும் கோடில் ஒரு பிழை: சின்ன வெங்காயம் கிலோ 40 ரூபாய்க்குப் பதில் 400 என்று டேட்டாபேஸில் ஏறிவிட்டது. எதிர்பார்த்த பட்டியலையும் வந்த பட்டியலையும் ஒப்பிடும் யூனிட் டெஸ்ட் பாஸ் ஆகிறது!

காரணம், இரு ஆப்ஜெக்ட்களின் மாடலும் பிரைமரி கீயும் ஒன்றாக இருந்தால் ஜாங்கோவுக்கு இரண்டும் சமம்தான். விலையை அது பார்ப்பதே இல்லை. தோற்கும் டெஸ்டைவிட இப்படிப் பொய்யாகப் பாஸ் ஆகும் டெஸ்ட்தான் ஆபத்து.

ஆகவே பெயர், விலை, எடையை வேல்யூஸ்_லிஸ்ட் மூலம் எடுத்து, அந்த மதிப்புகளையே ஒப்பிடுங்கள். ஆர்டர் பை இல்லாவிட்டால் பதிவுகள் எந்த வரிசையிலும் வரலாம். வரிசை முக்கியமில்லாத இடத்தில் பைத்தானின் அசெர்ட்கவுண்ட்ஈக்வல் போதும். ஒரே பதிவு இருமுறை வந்தாலும் அது பிடித்துவிடும். செட்டாக மாற்றி ஒப்பிட்டால் அந்தத் தவறு மறைந்துவிடும்.