பெரிய நிறுவன கிட்டாரா, சிறு பட்டறை கிட்டாரா? பெங்களூரில் வாங்குவோர் அறிய வேண்டியவை

பெங்களூரு: கல்லூரி நாள்களில் பத்தாயிரம் ரூபாய் அளவில் வாங்கிய முதல் கிட்டாரை வைத்துவிட்டு, சம்பாதிக்கத் தொடங்கிய பின் நல்லதொரு அகௌஸ்டிக் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் பெங்களூரில் ஏராளம். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது இசைத்த இடம் இந்நகரின் அரண்மனை மைதானம்தான்; கிட்டார் மோகத்துக்கு இங்கு வயது அதிகம். இவ்வாறு இரண்டாவது கிட்டாரைத் தேடுவோர் முன் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. மார்ட்டின், டெய்லர், யமஹா போன்ற பெரிய நிறுவனங்களின் கிட்டாரை வாங்குவதா, ஒருவரோ ஒரு சிலரோ மட்டும் வேலை செய்யும் சிறு பட்டறையில் சொல்லிச் செய்யப்படும் கிட்டாரை வாங்குவதா?

சிறு பட்டறைக் கிட்டாரின் விலை சில லட்சம் ரூபாயை எட்டக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரியும் சேரும். அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செலவிடுவோரில் பலர், அது அரிய மரத்துக்கான விலை என்று நினைக்கின்றனர். அது பெரும்பாலும் தவறான கணக்கு.

மரத்தைப் பற்றிய நம்பிக்கையும் ஒரு சோதனையும்

கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கப் பலகைகளுக்கும் மிக உயர்ந்ததெனக் கருதப்பட்டது பிரேசில் ரோஸ்வுட். அம்மரம் கிடைப்பது அரிதானதால், 1969-ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. தமிழில் ஈட்டி, தோதகத்தி என்றும், கன்னடத்தில் பீட்டே என்றும் அழைக்கப்படும் இந்த மரம் கர்நாடகம், கேரளம், தமிழ்நாட்டை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. பெங்களூரில் விற்பனைக்கு வரும் அமெரிக்க கிட்டார்கள் பலவற்றின் பின்பலகை, இப்பகுதியிலிருந்து கடல் கடந்து சென்று, கிட்டாராகத் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம்.

இந்த மரத்தின் பெயர் விலைச்சீட்டில் பெரிதாக இடம்பெறும். ஆனால் காதுக்கு அது எவ்வளவு கேட்கிறது? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஃபைல்ட் கிட்டார்ஸ் என்ற சிறு பட்டறையின் நிறுவனர் ரோஜர் பக்னால் இதற்காக ஆறு கிட்டார்களைச் செய்து தந்தார். வடிவமும் முகப்புப் பலகையின் மரவகையும் ஒன்றே. பின்பலகையும் பக்கங்களும் மட்டும் பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட் என ஆறு வகை. எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாத சூழலில் 52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். ஆறுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பீடே கிடைத்தது. விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் தனித்து நிற்கவில்லை.

பின்பலகைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று இதற்குப் பொருளன்று. ஒரே கைவண்ணத்தில், ஒரே வடிவமைப்பில் செய்யப்படும்போது மரத்தின் பெயரால் வரும் வேறுபாடு மிகச் சிறிது என்பதே இதன் பொருள். அவ்வாறெனில் பெரிய வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மூன்று மில்லிமீட்டரில் நடக்கும் வேலை

கிட்டாரில் ஒலியைப் பெரும்பாலும் உண்டாக்குவது, துளையுள்ள முகப்புப் பலகை. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆன அதன் தடிமன் சுமார் மூன்று மில்லிமீட்டர். மெல்லிய எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து அதை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். வளர்ந்த மனிதர் ஒருவர் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருப்பதைப் போன்ற இந்த இழுவையைத் தாங்கவும் வேண்டும், விரல் பட்டதும் அதிரவும் வேண்டும். தாங்குவதற்குத் தடிமன் தேவை. அதிர்வதற்கு மெல்லியதாக இருக்க வேண்டும். கிட்டார் செய்வோரின் தொழில் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான பேரம்தான்.

பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து மாறும். மூன்று மில்லிமீட்டர் பலகையை 2.7 ஆகச் சீவினால், அதாவது பத்து சதவீதம் குறைத்தால், விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். அதோடு, ஒரே வகை மரமானாலும் எல்லாப் பலகையும் ஒரே விறைப்புடன் இருப்பதில்லை. அடுத்தடுத்து எடுத்த இரு ஸ்ப்ரூஸ் பலகைகளில் ஒன்று மூங்கில் பட்டைபோல் நிமிரும், மற்றொன்று எளிதில் வளையும்.

பெரிய தொழிற்சாலை இந்த வேறுபாட்டைப் பார்த்து நிற்க இயலாது. ஒரு மாடலுக்கு ஒரு தடிமன் என்று வரையறுத்து, எல்லாப் பலகையையும் அந்த அளவுக்கு இழைத்து அனுப்பும். வரையறுக்கும்போது தொகுதியிலேயே மிகவும் வலுக்குறைந்த பலகையையும் மனத்தில் கொண்டாக வேண்டும். அந்த கிட்டார் அலாஸ்காவின் பனியில் விற்குமா, ஜகார்த்தாவின் புழுக்கத்தில் விற்குமா என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. பல ஆண்டு உத்தரவாதம் வேறு கொடுத்தாயிற்று. ஆகவே சற்றுக் கூடுதல் தடிமனில், சற்றுப் பலமான உள்பட்டைகளுடன் செய்வதே அதற்குப் பாதுகாப்பு. விறைப்பான நல்ல பலகைக்கு இந்தக் கூடுதல் தடிமன் வீண்சுமை.

சிறு பட்டறைக்காரர் இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறார். பலகையைக் கையால் வளைத்தும், எடை வைத்து எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தும், விரலால் தட்டிக் கேட்டும், அந்தப் பலகைக்கு ஏற்ற தடிமனை முடிவு செய்கிறார். உள்ளே ஒட்டப்படும் பட்டைகளையும் அவ்வாறே சீவுகிறார். தஞ்சாவூரில் வீணை செய்வோர் பலா மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்வு செய்யும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வாங்குபவர் செலுத்தும் கூடுதல் பணம் இந்த முடிவுகளுக்கான கூலி. முடிவு எடுப்பவரின் அனுபவம் குறைவானால் கூலி கொடுத்தும் பலன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலகையை மிகையாக மெலியவிட்டால் சில ஆண்டுகளில் பிரிட்ஜை ஒட்டிய இடம் வயிறுபோல் புடைக்கும்.

எந்திரம் எங்கே வெல்கிறது

கையால் செய்ததெல்லாம் மேல் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. 1974-இல் கலிஃபோர்னியாவில் சிறு பட்டறையாகத் தொடங்கிய டெய்லர், கணினி வழி இயங்கும் வெட்டும் எந்திரங்களை கிட்டார் தொழிலில் முன்கூட்டியே புகுத்திய நிறுவனம். கழுத்தின் வளைவு, ஃப்ரெட் வெட்டுகளின் இடைவெளி, கழுத்தும் உடலும் இணையும் கோணம் ஆகியவற்றில் எந்திரத்தின் துல்லியத்துக்குக் கை ஈடாவது கடினம். விரலுக்கு இதமாக இருக்கிறதா, மேல் ஸ்தாயியிலும் சுருதி பிசகாமல் இருக்கிறதா என்பது இவற்றைப் பொறுத்தது. சிறு பட்டறைகள் பலவும் இன்று இவ்வகை எந்திரங்களைப் பயன்படுத்துகின்றன. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

உற்பத்தியின் வேகத்தையும் ஒரு கணக்கில் காணலாம். 1833-இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் பத்து லட்சமாவது வரிசை எண்ணை 2004-இல்தான் எட்டியது. இருபது லட்சமாவது எண் 2017-இல் வந்துவிட்டது. இந்த வேகம் விலையைக் குறைத்ததோடு, குறைந்த விலை கிட்டாரின் தரத்தையும் உயர்த்தியிருக்கிறது. 2019 முதல் யமஹா நிறுவனம் சென்னைக்கு அருகே உள்ள தன் ஆலையில் இசைக்கருவிகளைத் தயாரித்து வருகிறது. தொடக்க நிலை கிட்டார்களும் அவற்றுள் அடங்கும். ஒரு தலைமுறைக்கு முன் கொல்கத்தாவில் தயாரான கிவ்சன் போன்ற கிட்டார்களில், உயர்ந்து நிற்கும் தந்திகளை அழுத்தி விரல் நுனி காய்த்துப் போனவர்கள் இன்றைய தொடக்க நிலை கிட்டாரைத் தொட்டுப் பார்த்தால் வியப்பார்கள்.

ஆனால் இந்த விலையில் வருபவற்றில் பல ஒட்டுப்பலகையால் ஆனவை. ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்கினால் இதை அறியலாம். முகப்பின் ரேகைகள் விளிம்பின் வழியே அப்படியே உள்ளிறங்கினால் அது முழு மரப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை சற்று மந்தமாக ஒலிக்கும், ஆனால் வானிலை மாற்றத்துக்கு அசையாது.

மார்ச் மாதமும் ஆகஸ்ட் மாதமும்

அந்த அசையாமை பெங்களூரில் சிறிய பயனன்று. சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரில் வெப்பம் மிதமானது என்பதால் கருவிகளுக்கு நல்ல இடம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மரத்துக்கு முக்கியம் வெப்பத்தைவிட ஈரப்பதம். முழு மர கிட்டார்களை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்குமாறு தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கின்றனர். பெங்களூரில் மார்ச் மாதப் பிற்பகல்களில் அது 30 சதவீதத்தை ஒட்டி இறங்குகிறது. ஆகஸ்ட் காலைகளில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. வறண்ட காலத்தில் விரல்பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். முகப்பில் விரிசலும் விழலாம். மழைக்காலத்தில் பலகை உப்பித் தந்திகள் உயரும். கடலோரச் சென்னையில் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்த கிட்டார், வேலை மாற்றத்தில் பெங்களூருக்கு வந்த முதல் கோடையிலேயே விரிவதற்கு இதுவே காரணம்.

மெல்லிய பலகையுடன் வரும் சிறு பட்டறை கிட்டார் இந்த மாற்றத்தைக் கூடுதலாக உணரும். மறுபுறம், எந்த ஊரில் அது வாழப்போகிறது என்பதைச் செய்பவரிடம் முன்னரே கூற முடியும் என்பது தொழிற்சாலையிடம் கிடைக்காத வசதி. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் கையால் கிட்டார் செய்து அறியப்பட்டவர் எரிசா நியோகி. இத்தகைய பட்டறைகள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே உள்ளன என்றாலும், செய்தவரே பழுதும் பார்ப்பார், ஒரு பகல் பயணத் தொலைவில் இருப்பார் என்பது வெளிநாட்டுப் பட்டறைக் கிட்டாருக்கு இல்லாத பயன். ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவியின் விலை சில நூறு ரூபாய்தான். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் அதனுடன் வைப்பது, விலை உயர்ந்த மரத்தைத் தேடுவதைவிடப் பயன் தரும்.

கடையில் சோதிக்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது தந்திகளின் உயரம். இரண்டு கிட்டார்களை ஒப்பிட்டு ஒன்று சிறப்பு என்று முடிவு செய்பவர்கள், பல நேரங்களில் நன்கு செட்டப் செய்யப்பட்ட கிட்டாரையும் செய்யப்படாத கிட்டாரையுமே ஒப்பிடுகின்றனர். தந்தி பழையதா புதியதா என்பதும் தீர்ப்பை மாற்றும். சில ஆயிரம் ரூபாயில் தேர்ந்த பழுதுபார்ப்பவர் செய்து தரும் செட்டப்புக்குப் பின்னரும் இருக்கும் கிட்டாரின் ஒலி நிறைவளிக்காவிட்டால் மட்டுமே லட்சங்களைப் பற்றி எண்ணுவது பொருத்தம். திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் பெரிய நிறுவனத்தின் பெயருக்கு இந்தியச் சந்தையில் உடனே ஆள் கிடைக்கும். சிறு பட்டறையின் பெயரை அறிந்தவர் குறைவு.

எல்லை தாண்டும் ஈட்டி மரம்

வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கும், வேலைக்காக வெளிநாடு செல்வோருக்கும் சட்டத்திலும் ஒரு வேறுபாடு இருந்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், ரோஸ்வுட் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சேர்க்கப்பட்டது. அதன்பின் ஈட்டி மரம் கொண்ட கிட்டாரை எல்லை கடந்து விற்க அனுமதிச் சான்று தேவைப்பட்டது. ஒரே சான்றில் பல கருவிகளை அனுப்ப வல்ல பெரிய நிறுவனங்கள் அதைச் சமாளித்தன. ஒரே ஒரு கிட்டாரை அனுப்பும் சிறு பட்டறைக்கும் அதே அளவு தாள்வேலை என்பதால், பலர் வேறு மரங்களுக்கு மாறினர்.

ஜெனீவாவில் 2019-இல் நடந்த மாநாட்டில் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே இந்திய ரோஸ்வுட் கிட்டாருடன் விமானம் ஏறுவோருக்கு இப்போது சைட்ஸ் சான்று வேண்டியதில்லை. முதல் பட்டியலில் 1992 முதல் உள்ள பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது. பழைய கிட்டாரை வாங்கும் ஒருவருக்கு அது எந்த ரோஸ்வுட் என்ற ஐயம் எழுந்தால், மரங்களை அறிவியல் முறையில் அடையாளம் காணும் பணியைச் செய்துவரும் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பெங்களூரு மல்லேசுவரத்திலேயே உள்ளது.