பெட்டிக்குள் இருக்கும் எண்

சென்ற ஆண்டு விழாவன்று அரங்கினுள் இடம் போதவில்லை. ஆகவே மேடை நிகழ்ச்சிகளைப் பெற்றோர் அனைவரும் காணும் பொருட்டு மூன்று வகுப்பறைகளில் தொலைக்காட்சிகளை வைத்தோம். இரண்டில் படம் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது இருண்டே கிடந்தது. கம்பியை மாற்றினோம், மின் இணைப்பை மாற்றினோம், பயனில்லை. வேலையை விட்டுவிட்டுக் கிளியனூருக்குப் பேருந்தேறி வந்த தாய்மார் சிலர், தம் மகளின் நடனத்தைக் காணாமலே திரும்பினர். மறுநாள்தான் காரணம் விளங்கிற்று. மற்றப் பெட்டிகளின் ஃபர்ம்வேர் எண் 2.10, அந்தப் பெட்டியினுடையதோ 2.9.

ஃபர்ம்வேர் என்பது யாது? ஒரே காட்சியைப் பல அறைகளுக்கு நெட்வொர்க் வழியே அனுப்ப, மேடையருகே ஓர் அனுப்பும் பெட்டியும், ஒவ்வொரு தொலைக்காட்சியின் அருகிலும் ஒரு பெறும் பெட்டியும் வேண்டும். முன்னது படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பின்னது அதை விரித்துக் காட்டுகிறது. இவ்வேலைக்கான கட்டளைகள் பெட்டியினுள் நிலையாகப் பதிந்திருக்கின்றன. மின்சாரம் நின்றாலும் அழிவதில்லை. அக்கட்டளைத் தொகுப்பே ஃபர்ம்வேர். புதிய முறையில் சுருக்கியதைப் பழைய கட்டளையுள்ள பெட்டி விரிக்க அறியாமற் போகலாம்.

இத்தகைய தொல்லை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் செட்டாப் பெட்டிகளில் மென்பொருள் தடை ஏற்பட்டு, மாநிலத்தின் பல பகுதிகளில் ஒளிபரப்பு நின்றது. கம்பி அறவில்லை, பெட்டி உடையவில்லை. உள்ளிருக்கும் கட்டளை தடைப்பட்டால் நல்ல பெட்டியும் ஊமையே.

எண்ணைப் பார்ப்பது எளிது. செட்டாப் பெட்டியானால் ரிமோட்டில் மெனுவை அழுத்தி, செட்டிங்ஸ் பகுதியில் தேடலாம். நெட்வொர்க் பெட்டியானால் அதன் ஐ.பி. முகவரியைக் கணினியின் பிரவுசரில் தட்டி, கடவுச்சொல் கொடுத்து நுழைந்தால், சிஸ்டம் பக்கத்தில் பெரும்பாலும் காணலாம். பிறகு பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள அண்மைப் பதிப்போடு ஒப்பிட வேண்டும்.

மாணவியரே, இங்கே ஒரு புதிர்! கணக்கு வகுப்பில் 2.10-ஐ விட 2.9 பெரிது. இங்கோ அந்தப் புள்ளி தசமப் புள்ளியன்று. ஒன்பதுக்குப் பின் வருவது பத்து, ஆகவே 2.10-தான் புதியது.

பழைய பதிப்பால் வேறோர் ஆபத்தும் உண்டு. 2016-இல் மிராய் என்னும் தீய நிரல், உலகெங்கும் கண்காணிப்புக் கேமராக்களிலும் வீடியோ பதிவுப் பெட்டிகளிலும் புகுந்தது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே அதற்குத் திறவுகோலாயிற்று. சில பெட்டிகளில் அச்சொல் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருந்ததால், உரியவர் விரும்பினாலும் மாற்ற இயலவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அப்பெட்டிகளின் படை தாக்கியதில், அமெரிக்காவில் புகழ்பெற்ற பல இணையதளங்கள் முடங்கின.

ஆயினும் அவசரம் கூடாது. புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் பெட்டி பயனற்றுப் போகக்கூடும். முதலில் ஒரு பெட்டியைப் புதுப்பித்துச் சோதித்து, பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். விழாவுக்கு முந்தின நாள் இதற்கு ஏற்ற நாளன்று.

இவ்வாண்டு எல்லாப் பெட்டிகளின் எண்களையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துள்ளோம். விழாவுக்கு இரு வாரம் முன்பே சரிபார்த்தும் விட்டோம். இம்முறை எந்தத் தாயும் இருண்ட திரையின் முன் அமரக் கூடாது அன்றோ!