மீண்டும் புழக்கத்தில் – 11: பீரோவுக்குள் பூத்த பூஞ்சை

லால்குடி பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவின் மேல்தட்டைத் துழாவினால் இரண்டு பொருள்கள் அகப்படும். ஒன்று, நின்றுபோன எச்.எம்.டி. கைக்கடிகாரம். அதைப் பற்றிப் போன வாரம் பேசிவிட்டோம். இன்னொன்று, பழுப்புத் தோலுறை போட்ட கேமரா. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த யாஷிகாவாக இருக்கும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தாத்தா வாங்கிய ஆக்ஃபா க்ளிக் த்ரீயாக இருக்கும். எப்படி வந்ததென்று வீட்டில் யாருக்குமே தெரியாத சோவியத் ஜெனிட்டாகவும் இருக்கலாம். உறையை அவிழ்த்ததும் ஒரு வாடை வரும். லென்சுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது என்பதை அந்த வாடையே சொல்லிவிடும்.

லால்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வயலின்தான் ஞாபகம் வரும். நல்ல வயலினுக்கு வயது ஏற ஏற மதிப்பும் ஏறும். கேமராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாய்கிற நெல்லும் வாழையுமான பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டி, கூடவே இருட்டும் புழுக்கமும் அமைந்துவிட்டால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கண்ணாடியில் தின்ன என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விரல் பட்ட எண்ணெய்ப் பசை, தூசு, உள்ளே ஆவியாகிப் படிந்த கிரீஸ், இவையே அதற்கு விருந்து.

இந்தச் சமவெளியின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் புகைப்படக் கலையோடு ஆதியிலிருந்தே ஒத்துப்போனதில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் ஸ்ரீரங்கத்தையும் திருச்சி மலைக்கோட்டையையும் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவும் முறை அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது. நம் ஊர் வெயிலில் அந்த மருந்து எத்தனை நிமிஷம் தாங்கும்? ட்ரைப் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவை நம்பினார். முன்கூட்டித் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து அவர் ஒட்டிச் சேர்த்த படம் சுமார் 19 அடி நீளம்.

நூறு வருஷம் கழித்து இந்திய அரசு சொந்தமாக ஃபிலிம் தயாரிக்க முடிவெடுத்தபோதும் இதே கதைதான். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டது ஊட்டியில். தூசு குறைந்த காற்றும் குளிரும் ஃபிலிம் பூசும் வேலைக்குத் தேவை. பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு வெள்ளை ரோலிலிருந்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வரைக்கும் 'இந்து' என்ற பெயரில் வந்தது. அந்த ஆலை ஓய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

இந்த ரோலைப் போட்டு நம் வீட்டார் எடுத்த கேமரா பெரும்பாலும் பரோடாவில் தயாரான க்ளிக் த்ரீ. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். வெயிலா, மேகமா என்று ஒரு குமிழைத் தள்ளினால் போதும். ஷட்டர் வேகம் என்று மாற்ற ஒன்றுமில்லை. கெட்டுப்போகவும் அதிகம் ஒன்றுமில்லை. முன்கண்ணாடியைத் துடைத்து, உள்ளே கறுப்புப் பூச்சு உதிர்ந்திருந்தால் தீட்டி, 120 ரோல் ஒன்றைப் போட்டால் இன்றைக்கும் எடுக்கும். பழைய கேமராவைத் தூசு தட்ட ஆசைப்படுகிறவர் இதில் ஆரம்பிக்கலாம்.

ஜெனிட் அப்படிப்பட்டதல்ல. அதன் ஹீலியோஸ் 44-2 லென்சுக்கு ஒரு டாக்டர் வேண்டும். திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பேர் வேண்டாம், ஏற்கெனவே வேலை குவிந்து கிடக்கிறது. லென்சின் பின்பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து முன்பக்கம் பார்த்தார். எனக்கும் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள் கிளைவிட்டு ஓடியிருந்தன.

"எத்தனை வருஷமா உறைக்குள்ள இருக்கு, தம்பி?"

"அப்பா வச்சதுண்ணே. இருபது வருஷம் இருக்கும்."

"தோலு ஈரத்தைக் குடிச்சு வச்சிக்கும். மொதல்ல அந்த உறையைத் தூக்கிப் போடுங்க."

முன்பக்க வளையத்தில் ரப்பர் கிண்ணத்தை அழுத்தித் திருகினார். கழற்றும் ஒவ்வொரு வளையத்துக்கும் பென்சிலால் ஒரு கோடு. ஃபோகஸ் மரையைப் பிரிக்கும்போது அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது ஒற்றை மரை கிடையாது. பல தொடக்கங்கள் கொண்டது, எந்த இடத்தில் விடுபட்டதோ அதே இடத்தில் ஏற்றினால்தான் தூரத்துக் கோபுரம் துல்லியமாகத் தெரியும். ஒரு தொடக்கம் தள்ளி ஏற்றினால் லென்ஸ் அழகாகத் திரும்பும், ஆனால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. கடிகாரக்காரர்கள் வைத்திருக்கிற வெள்ளைப் பெட்ரோலில் அதைக் கழுவினார். அப்பர்ச்சர் தகடுகள் எட்டும் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கும் அதே குளியல். கண்ணாடிக்கு மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த துளி, பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து வெளியே.

பூஞ்சை போய்விட்டது. ஆனால் அது உமிழ்ந்த அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்த தடம் ஓரமாக மிச்சம். புதிதாகப் பிடித்த பூஞ்சை துடைத்தால் போகும். வருஷக்கணக்கில் குடியிருந்தது தடம் வைத்துவிட்டுத்தான் போகும். அதற்காக லென்சை ஒதுக்க வேண்டியதில்லை. வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுத்தால் படம் கொஞ்சம் வெளிறும், மற்ற நேரத்தில் தேடினாலும் தெரியாது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய இடத்துக்கு உள்ளே பூஞ்சை போயிருந்தால் மட்டும் கைவைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

ஜெனிட்டின் உடம்பு தேறவில்லை. ஷட்டர் துணித்திரையில் ஊசித் துளைகள். "பாடியை மறந்துடுங்க, லென்சைக் காப்பாத்துங்க" என்றார். பழைய கேமராக்களை ரிப்பேர் பார்க்கிறவர்கள் எல்லோருமே கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். உடம்பில் நகரும் உறுப்புகள் அதிகம், லென்சில் குறைவு. அதோடு லென்சுக்கு இன்று புது உடம்பு கிடைக்கிறது.

அது எப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே குறிப்பிட்ட தூரம் உண்டு. ஹீலியோஸின் எம் 42 மரைக்கு அது 45.46 மில்லிமீட்டர். கண்ணாடி மடங்கும் பழைய பாணி டிஜிட்டல் கேமராக்களில் கேனனுக்கு 44, நிகானுக்கு 46.5. ஆகவே கேனனில் மெல்லிய வளையம் ஒன்று போட்டாலே சரியாகிவிடும். நிகானில் லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முன்தள்ளி நிற்கும், தூரத்துக் காட்சி தெளியாது. இடையில் கூடுதல் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள், எனக்குப் பிடித்தமில்லை. மிரர்லெஸ் வந்த பிறகு இந்தத் தலைவலி தீர்ந்தது. சோனியில் 18, ஃபியூஜியில் 17.7 மில்லிமீட்டர்தான். மீதித் தூரத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். உள்ளே கண்ணாடியும் இல்லை, மின்தொடர்பும் இல்லை. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்பதைப் போட்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குப் போனவர்கள் உண்டு.

லால்குடி சப்தரிஷீஸ்வரர் கோயிலில் அனுமதி கேட்டுக்கொண்டு, வெளிச்சுவர்க் கோஷ்டங்களில் இருக்கும் முற்காலச் சோழர் சிற்பங்களை இந்த லென்சால் எடுத்துப் பாருங்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரம். சின்ன சென்சார் கேமராவில் 58 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 87 மாதிரி வேலை செய்யும், சிற்பத்தின் முகத்துக்கு அளவான தூரம். ஃபோகஸ் வளையத்தை விரல் நுனியால் மயிரிழை நகர்த்தும்போது முதலில் மூக்கு தெளியும், அப்புறம் இமை. தானே ஃபோகஸ் செய்யும் புது லென்சில் இந்த வேலையை மெஷின் நமக்குக் காட்டாமலே முடித்துவிடுகிறது. பின்னணியில் தென்னங்கீற்றும் வெளிச்சமும் இருந்தால் ஹீலியோஸ் அதைச் சுழற்றிக் காட்டும். அதற்காகவே வெளிநாட்டுப் பையன்கள் இதைத் தேடி அலைகிறார்கள். எனக்கு அந்தச் சுழல் மூன்றாவது படத்திலேயே சலித்துவிட்டது.

ஃபிலிமிலேயே எடுப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: பேட்டரி இல்லாமலே ஷட்டர் ஓடும் கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். பென்டாக்ஸ் கே 1000, யாஷிகா எஃப்.எக்ஸ்.-3 போன்றவை. அவற்றில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டும். ஒளிமானி செத்திருந்தாலும் நம் ஊர் உச்சி வெயிலுக்கு 400 ஃபிலிமில் எஃப் 16, ஐந்நூறில் ஒரு நொடி என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். யாஷிகா எலக்ட்ரோ 35 பார்க்க லட்சணமானது, ஆனால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு வயதாகிக் கரைந்துவிட்டால் மொத்தமும் தடுமாறும். பின்மூடி ஓரத்து ஸ்பாஞ்சு எல்லாக் கேமராவிலும் பிசினாகியிருக்கும். சுரண்டிவிட்டுக் கறுப்பு வெல்வெட் நாடா ஒட்டினால் போதும்.

மூடியைத் திறக்கும் முன் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. யாருடைய கல்யாணமோ, யாருடைய காதுகுத்தோ. கறுப்பு வெள்ளை என்றால் எத்தனையோ வருஷம் கழித்தும் ஏதாவது ஓர் உருவம் தேறும். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் கிடந்த படங்களை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடி எண்மமாக்கினார்கள். அவர்கள் கைக்கு எட்டாத ஆவணக் காப்பகம் நம் பீரோக்களில் இருக்கிறது.

கழுவுவது அடுத்த சிக்கல். ஒரு மணி நேரத்தில் பிரின்ட் என்று போர்டு வைத்திருந்த லேப்கள் போய்விட்டன. ரோல் வாங்கி, கூரியரில் அனுப்பி, கழுவி, ஸ்கேன் செய்து முடிக்க ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம். மருந்து 20 டிகிரியில் இருக்கச் சொல்கிறது புத்தகம். சித்திரையில் லால்குடிக் குழாய்த் தண்ணீர் 30க்கு மேல். ஐஸ்கட்டி போட்ட வாளிக்குள் டப்பாவை வைத்துக்கொண்டுதான் கழுவ வேண்டும். ட்ரைப்புக்கு இருந்த அதே தொல்லை.

இதெல்லாம் வெறும் ஏக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 2012இல் திவால் மனு கொடுத்த கோடக் இன்னும் ஃபிலிம் தயாரிக்கிறது. 2018இல் எக்டாக்ரோம் திரும்பி வந்தது. 2024இல் பென்டாக்ஸ் புத்தம் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவே கொண்டுவந்தது. கையால் ஃபிலிம் சுற்றும் பொறியை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் கம்பெனியில் குறைந்துபோனதால் ஓய்வுபெற்றவர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஜப்பானுக்கே அந்த நிலைமை என்றால், திருச்சி மாடிப்படிக்குக் கீழே இருப்பவர் கடையைக் கட்டினால் என்ன ஆகும்? தம் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்று அவர் எப்போதோ முடிவுசெய்துவிட்டார்.

வைத்துக்கொள்ளும் முறை சுலபம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிகா ஜெல், சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரமானி. நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டி, லென்சை வெளிச்சத்தில் காட்டி, நாலு படம் எடுங்கள். கேமராவை மேஜைவிளக்காக்கி விற்கிறார்களே, அவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கிளம்பும்போது மெக்கானிக் கேட்டார்: "அந்த ஜெனிட் பாடியை என்ன பண்ணப் போறீங்க?"

"ஷோகேஸ்ல வைக்கலாம்னு..."

"இங்க விட்டுட்டுப் போங்க, தம்பி. ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் இப்ப எங்க கிடைக்குது? சர்வீஸ் காசுல கழிச்சிக்கிறேன்."

இழுப்பறையைத் திறந்தார். ஏற்கெனவே இரண்டு ஜெனிட்டுகள் பாதி பிரித்த நிலையில் கிடந்தன. மூன்றாவதை வைக்க இடம் ஒதுக்கிவிட்டு, ரசீதில் இருநூறு ரூபாயைக் குறைத்து எழுதினார்.

(தொடரும்)