உடலிற் புகுந்தபின் மருந்தாவன

நாம் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும் வாயிலிடும்பொழுதே மருந்தாயிருப்பன என்று எண்ணுதல் இயல்பே. ஆயின், அவற்றுட் சில குப்பியில் உள்ளவரை பெரும்பயன் யாதும் விளைக்கமாட்டாதனவாய், உடலினுட் சென்று ஆங்குள்ள நொதிகளால் மாற்றப்பெற்ற பின்னரே மருந்தென்னும் பெயர்க்கு உரியனவாகின்றன. இவற்றை முன்மருந்து என்பர். நெல்லை அரிசியாக்குவன உரலும் உலக்கையும் எனின், இவற்றிற்கு உரலாவது நோயாளியின் உடம்பே.

இவ்வுண்மை உலகிற்கு நன்கு விளங்கிய வரலாறு சுவையுடைத்து. ஜெர்மனியில் கிளாரர், மீட்ஷ் என்னும் வேதியியலார் 1932-இல் பிரான்டோசில் என்னும் செஞ்சாயம் ஒன்றை ஆக்கினர். உயிர்கொல்லும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றப்பெற்ற சுண்டெலிகட்கு அதனை டோமாக் என்பார் ஊட்ட, அவை பிழைத்தன. அதே சாயம் கண்ணாடிக் குழாயிலிருந்த கிருமிகளை ஒன்றுஞ் செய்திலது! உடலில் வெல்வது குழாயில் தோற்பானேன்? 1935-இல் டோமாக்கின் கட்டுரை வெளிவந்தது. பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் திரெஃபுவேல் தம்பதியரும், நிட்டி, போவே என்பாரும் அவ்வாண்டிலேயே முடிச்சை அவிழ்த்தனர். உடல் அச்சாயத்தைப் பிளக்கின்றது. பிளவில் வெளிப்படும் நிறமற்ற சல்பனிலமைடே கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கின்றது. செந்நிறத்திற்கும் நோய்நீக்கத்திற்கும் தொடர்பில்லை. இதில் நகைப்பிற்குரியதொன்றுண்டு. அந்தச் சல்பனிலமைடு 1908-இலேயே வியன்னாவில் ஆக்கப்பட்டு, மருந்தென்று அறிவாரின்றிக் கிடந்த பொருளாம். இடைப்பட்ட 27 ஆண்டுகளிற் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் மாண்ட தாய்மாரை எண்ணுங்கால் அந்நகைப்பும் அடங்கிவிடுகின்றது.

பிரான்டோசில் தற்செயலாய் வாய்த்தது. பின்வந்தோர் அறிந்தே இவ்வழியைக் கையாண்டனர். பார்க்கின்சன் நோயில் மூளையிற் டோபமின் குறைகின்றது. டோபமினையே கொடுப்பின், குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடை அதனை உள்ளே விடாது. அதன் முன்னிலையாகிய லெவோடோப்பாவோ, உணவிலுள்ள அமினோ அமிலங்கள் செல்லும் வாயிலாகவே புகுந்து, உள்ளே டோபமினாய் மாறுகின்றது. நம் வேலிகளிற் படரும் பூனைக்காலியின் வித்தினின்று இப்பொருளை 1937-இல் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். வழியிலேயே அதன் பெரும்பகுதி டோபமினாகிக் குமட்டலும் வாந்தியும் விளைத்தலின், அம்மாற்றத்தைத் தடுக்குங் கார்பிடோப்பா உடன் சேர்க்கப்படுகின்றது. கார்பிடோப்பா மூளையினுட் செல்லாது. ஆதலின், ஆங்கு நிகழவேண்டிய மாற்றம் தடைப்படாது. எத்துணை முறை எண்ணினும் இவ்வமைப்பு எனக்கு வியப்பே தருகின்றது.

எனினும், ஆக்கும் வேலையை உடலிடம் விட்டால், உடலுக்கு உடல் உள்ள வேறுபாடும் உடன் வருமன்றோ? கோடீன் என்னும் நோவடக்கி, கல்லீரலில் மார்ஃபீனாக மாறியே பெரும்பாலும் பயன் தருவது. சிலர்க்கு அம்மாற்றம் நிகழ்வதே அரிது; அவர்க்கு நோவு தணியாது. வேறு சிலர்க்கு அது மிக விரைந்து நிகழ்தலின், அளவான மருந்தே நஞ்சாகி மூச்சை ஒடுக்கும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் பெற்ற குழந்தைகள் சிலர் இவ்வாறு இறந்தனர். ஆகவே, அமெரிக்க உணவு மருந்து ஆணையம், அவ்வறுவைக்குப்பின் சிறுவர்க்கு அதனைக் கொடுத்தலாகாதென 2013-இலும், 12 வயதிற்குட்பட்ட எவர்க்கும் நோவிற்கோ இருமலுக்கோ கொடுத்தலாகாதென 2017-இலும் விதித்தது.