வீட்டுக்கு ஏற்ற நாய் எது?

அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். குணம் தெரிந்ததும் கைவிடுகிறார்கள். தண்டனை நாய்க்கு.

தில்லியில் மே மாதம். வெளியே வெயில் 45 டிகிரியை நெருங்குகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏ.சி. அறையில், நீலக் கண்ணும் அடர்ந்த ரோமமுமாக ஒரு சைபீரியன் ஹஸ்கி அடைபட்டுக் கிடக்கிறது. வீட்டுக்காரரும் மனைவியும் காலையில் அலுவலகம் போனால் திரும்பி வர இரவாகும். அதற்குள் சோபாவின் பஞ்சு தரையெங்கும் இறைந்திருக்கும். ஊளைச் சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டார் குடியிருப்போர் சங்கத்தில் புகார் செய்திருப்பார்கள். பெருநகரக் கால்நடை மருத்துவர்களுக்கு இது பழகிப்போன கதை.

தவறு நாயின் மீது இல்லை. சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் நெடுந்தூரம் வண்டி இழுப்பதற்காக வளர்த்த இனம் அது. ஓடுவது அதன் பிறவிக் குணம். குளிரைத் தாங்க இரட்டை அடுக்கு ரோமம் வேறு. நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

நாய் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விசாரிப்பது விலையையும் நிறத்தையும். விசாரிக்க வேண்டியது, அந்த இனம் எந்த வேலைக்காக உருவானது என்பதை. மீனவர்களோடு தண்ணீரில் உழைத்த நாய்களின் வழிவந்த லாப்ரடார், குழந்தைகளோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். புதியவரிடமும் வாலாட்டும் என்பதால் காவலுக்கு அவ்வளவாக உதவாது. நடை குறைந்தால் உடம்பு பெருத்து மூட்டு வலியில் அவதிப்படும். ஆட்டு மந்தை மேய்த்த அல்சேஷனுக்கு உடம்போடு மூளைக்கும் வேலை வேண்டும். நாளெல்லாம் கட்டிப் போட்டால் எரிச்சல் முற்றும். முயல் வேட்டைக்கான பீகிளுக்கு உருவம் சிறியது, குரல் பெரியது.

2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாய் நாடெங்கும் மவுசு பெற்றது. சிறிய வீட்டுக்கும் அமைதியான குடும்பத்துக்கும் அதன் குணம் பொருந்தும். ஆனால் தட்டையான மூக்கால் சரியாக இரைக்க முடியாமல் கோடையில் அது திணறும். குணம் பொருந்தினாலும் ஊர் பொருந்த வேண்டும்.

பொருத்தம் தவறினால் விபரீதமும் நேரலாம். 2022 ஜூலையில் லக்னோவில் வளர்ப்பு பிட்புல் ஒன்று வீட்டிலிருந்த மூதாட்டியைக் கடித்துக் கொன்றது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் இனங்களைப் பட்டியலிடலாம். எந்த வீட்டுக்கு எந்த நாய் என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘நாட்டு நாய்தானே, எப்படியும் வளரும்' என்ற நினைப்பும் தவறு. கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்து முதோல் நாய், கண்ணால் கண்ட இரையைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய். அதற்குத் திறந்தவெளி வேண்டும்; புதியவர்களிடம் லேசில் ஒட்டாது. நகரவாசிகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது நம் வெயிலுக்குப் பழகிய தெரு நாய் இனம்தான். காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயை எடுத்தால் இன்னொரு வசதி: குழந்தைகளிடம் எப்படிப் பழகும், தனிமையைத் தாங்குமா என்பதை அங்கே பராமரிப்பவர்களே சொல்லிவிடுவார்கள். குட்டியிடம் அதை முன்கூட்டிக் கணிப்பது கடினம். குட்டிதான் வேண்டுமென்றால் அதற்கு எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் விதிகள் அதற்குக் குறைந்த வயதில் விற்பதை அனுமதிப்பதில்லை.

வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கும்? தடுமாறி நடக்கும் முதியவரோ தவழும் குழந்தையோ உண்டா? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து வருடம். ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டானென்று வாங்கும் குட்டி, அவன் கல்லூரிக்குப் போன பிறகும் வாசலில் காத்திருக்கும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. நாய் வாங்குமுன் ஒரு மாதம், தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் தெருவில் நடந்து பார்க்கலாம். மழை நாளிலும் நடக்க முடிந்தவர்கள் நாயைத் தேடலாம். முடியாதவர்களுக்கு மீன் தொட்டி போதும்.