ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர்?

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், மிஸ்ஸி வரவேயில்லை." ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பெண்கள் பேசிக் கொள்ளும்போது இந்தக் குறை வராமலிராது. அந்தத் தாதிக்கு இரக்கமில்லை என்றே நினைத்து விடுகிறோம். சகோதரிகளே, அந்நேரம் அவருடைய பொறுப்பில் எத்தனை கட்டில்கள் இருந்தன என்று யோசித்திருக்கிறீர்களா?

இதை ஐக்கிய அமெரிக்காவில் கணக்கெடுத்தே பார்த்தார்கள். தாதியியல் பேராசிரியை லிண்டா ஐக்கினும் அவரது குழுவினரும், பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற 232,342 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பும் 7 வீதம் கூடியிருந்தது. தாதி ஒருவருக்கு 4 பேர் என்பது 8 பேரானால் 31 வீதம்! நூறு பேரில் இன்னும் 31 பேர் மரணிப்பார்கள் என்று பயந்து விடாதீர்கள். முன்பிருந்த சிறிய அளவின் மேல் ஏறும் கணக்குத்தான் இது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும் அதே 7 வீதமே வந்தது.

காரணம் என்ன? சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்திருக்கும். ஆபத்து பிறகுதான், ஓசையில்லாமல் வரும். மூச்சு கொஞ்சம் வேகமாகும், இரத்த அமுக்கம் மெல்ல இறங்கும், சிறுநீர் குறையும், பேச்சு தடுமாறும். உள்ளே இரத்தம் கசிவதற்கோ, கிருமி இரத்தத்தில் பரவுவதற்கோ இவை அடையாளமாகலாம். முந்திக் கண்டால் காப்பாற்றலாம். டாக்டர் வாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து காண வேண்டியவர் தாதிதான். (ஒரே நேரத்தில் நாலு அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.) நோயாளிக்குத் துணையாக இருப்பவர் "ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்பதை விட, "காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை" என்று சொல்வது அவருக்குப் பெரிய உதவி.

தாதியர் அதிகமுள்ள ஆஸ்பத்திரி மற்ற வசதிகளிலும் சிறந்ததாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் 27 ஆஸ்பத்திரிகளின் வாட்டுகளில், பகலில் தாதி ஒருவருக்கு 4 நோயாளர், இரவில் 7 என்று சட்டத்தால் எல்லை வகுத்தது. இரண்டு ஆண்டுகளில் அங்கே மரணங்கள் குறைந்தன. சட்டம் எட்டாத ஆஸ்பத்திரிகளில் அப்படிக் குறையவில்லை. நோயாளர் சீக்கிரம் வீடு திரும்பியதாலும், மறுபடி வந்து படுப்பது குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் தாதியருக்குச் செலவானதைப் போல இரு மடங்குக்கு மேல்.