சாராயம் கடத்திய கார்கள் ரேஸ் கார்கள் ஆன கதை: கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

ரீல்ஸில் அமெரிக்க ‘நாஸ்கார்’ ரேஸ் வீடியோ ஒன்று வந்தால், கமென்ட்டில் இந்தக் கேள்வி நிச்சயம் இருக்கும்: “இதுல என்னப்பா இருக்கு? சும்மா இடது பக்கமாவே சுத்திட்டு இருக்காங்க.”

கேள்வி நியாயமானதுதான். முட்டை வடிவ ட்ராக், நாற்பது கார்கள், மூன்றரை மணி நேரம், எல்லா வளைவும் இடது பக்கம். பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

ஆனால், இந்த ரேஸ் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் மலைக் கிராமங்களும் சாராய ஊறலும் கொண்டை ஊசி வளைவுகளும் இரவு நேரப் போலீஸ் ரெய்டும் வருகின்றன. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இது கேட்ட கதையாகவே இருக்கும்.

ஸ்டாக் கார் என்றால் என்ன?

‘ஸ்டாக்’ என்பதற்கு இங்கே ‘கடையில் வாங்கியபடியே’ என்று பொருள். ஃபார்முலா ஒன் கார் ரேஸுக்கென்றே பிறந்தது. ஸ்டாக் கார் அப்படி அல்ல. ஷோரூமில் விற்கும் காரை ட்ராக்கில் இறக்கிப் பார்ப்போம் என்பதுதான் தொடக்க காலத்து யோசனை. இன்றைய நாஸ்கார் வண்டி முழுக்க முழுக்க ரேஸுக்காகவே தயாராகிறது. வெளித்தோற்றம் மட்டும் ஃபோர்டு, செவ்ரொலே, டொயோட்டா கார்களை நினைவூட்டும். எடை சுமார் ஒன்றரை டன்.

இந்தப் போட்டிகளில் பெரியது ‘டேடோனா 500’. ஃப்ளோரிடாவில் உள்ள 2.5 மைல் ட்ராக்கை 200 முறை சுற்ற வேண்டும். மொத்தம் 500 மைல், அதாவது 805 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். வட கரோலினாவில் நடக்கும் இன்னொரு போட்டி 600 மைல், சுமார் 966 கி.மீ.

சும்மா சுத்துறதுல என்ன கஷ்டம்?

முதல் விஷயம், சாய்வு. டேடோனா ட்ராக்கின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுவது பழகிப்போன அனுபவம். அந்தத் தள்ளலைச் சமாளிக்கத்தான் சாலை போடும்போது வளைவின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறார்கள். டேடோனாவில் அதே வேலையைச் சுவர் மாதிரி நிமிர்த்திச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் வளைவிலும் மணிக்கு 300 கி.மீ. வரை போக முடிகிறது.

இரண்டாவது, காற்று. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், ஒட்டிப் பின்னால் வரும் காருக்கு எதிர்க்காற்று குறைகிறது. குறைந்த சக்தியிலேயே அதே வேகம் கிடைக்கும். சில சமயம் இரண்டு கார்களுக்கும் இடையே ஓரடி இடைவெளிகூட இருக்காது. ஒருவர் கை லேசாகப் பிசகினால் பின்னால் வரும் இருபது கார்கள் மோதிக்கொள்ளும்.

மூன்றாவது, தாங்கும் சக்தி. காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். லிட்டருக்கு இரண்டு கி.மீ. அளவில்தான் மைலேஜ் என்பதால் பலமுறை ‘பிட்’டுக்குள் வந்தாக வேண்டும். நான்கு டயர்களையும் மாற்றிப் பெட்ரோலும் நிரப்ப ஆகும் நேரம் பத்து விநாடி சொச்சம். அதில் மூன்று விநாடி கூடினால் ட்ராக்கில் பல இடங்கள் போய்விடும்.

மலையில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் இருக்கிறது. அதன் தென்பகுதியில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். விளைந்தது மக்காச்சோளம். சரியான சாலை இல்லாத மலையிலிருந்து சோள மூட்டைகளை இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனால் வண்டிக் கூலிக்கே கட்டாது. அதே சோளத்தைச் சாராயமாகக் காய்ச்சினால் சுமை குறைவு, காசு அதிகம். நிலா வெளிச்சத்தில் காய்ச்சியதால் அதற்கு ‘மூன்ஷைன்’ என்று பெயர் வந்தது.

அரசுக்கு வரி கட்டாத சாராயம் என்பதால் அதிகாரிகள் துரத்தினார்கள். 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு வந்தபோது தேவை இன்னும் கூடியது. இரவில் சரக்கை நகரத்துக்குக் கொண்டுபோக இளைஞர்கள் சாதாரண ஃபோர்டு கார்களை வாங்கி, இன்ஜினை மாற்றினார்கள். பின் சீட்டைக் கழற்றினார்கள். பாரம் ஏற்றினாலும் வண்டியின் பின்பக்கம் தாழாதபடி ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். வெளியே பார்த்தால் குடும்பஸ்தன் கார், உள்ளே வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாதபோது, யார் வண்டி வேகம் என்று மண் தரையில் பந்தயம் வைத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. டிக்கெட் போட்டார்கள். 1948-ல் பில் ஃபிரான்ஸ் என்பவர் இந்தப் பந்தயங்களை ஒரே விதிமுறைக்குள் கொண்டுவந்து தொடங்கிய அமைப்புதான் நாஸ்கார்.

முதல் ரேஸிலேயே மாட்டிய ஸ்பிரிங்

1949 ஜூன் 19. வட கரோலினாவின் சார்லட்டில், அசல் ஸ்டாக் கார்களுக்கான நாஸ்காரின் முதல் போட்டி. மண் ட்ராக்கில் 200 சுற்று. க்ளென் டனவே முதலில் வந்தார். பரிசோதித்தபோது அவர் ஓட்டிய காரின் பின் ஸ்பிரிங்கில் சாராயக் கடத்தல்காரர்கள் செய்யும் அதே மாற்றம் இருந்தது. வெற்றி பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுக்கப்பட்டது.

கார் உரிமையாளர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தன் போட்டிக்கு விதி வகுக்கும் உரிமை நாஸ்காருக்கு உண்டு என்பது அதோடு உறுதியானது. யாரும் பிடிக்க முடியாத வண்டி ஓட்டியவர்கள், முதல்முறையாக எல்லோருக்கும் பொதுவான ஒரு விதிக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

ஜெயிலுக்குப் போன சாம்பியன்

இந்த மாற்றத்தை ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால், ஜூனியர் ஜான்சனைப் பார்க்கலாம். வட கரோலினாவின் வில்க்ஸ் கவுன்டிக்காரர். அப்பா சாராயம் காய்ச்சியவர். மகன் அதைக் காரில் ஏற்றி மலைச் சாலைகளில் பறந்தவர். ரேஸில் பேர் வாங்கிய பிறகும் 1956-ல் சாராய வழக்கில் சிக்கி, ஃபெடரல் சிறைக்குப் போனார்.

திரும்பி வந்த ஜான்சன் 1960-ல் டேடோனா 500-ஐ வென்றார். அவருடைய கார் மற்ற கார்களைவிட வேகம் குறைந்தது. பயிற்சியின்போது, வேகமான காரை ஒட்டிப் பின்னால் போனால் தன் காரும் அதே வேகத்தில் இழுபட்டுப் போவதைக் கவனித்தார். மேலே சொன்ன காற்று உத்தியை ரேஸில் ஆயுதமாக்கியவர் அவர்தான். ஓட்டுநராக 50 வெற்றிகள். பின்னாளில் அவருடைய காருக்கு விளம்பரப் பணம் கொடுத்தது உள்ளூர்க் கோழி நிறுவனம் ஒன்று. 1986-ல் அதிபர் ரீகன் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். சார்லட்டில் இருக்கும் நாஸ்கார் அருங்காட்சியகத்தில் ஜான்சன் தன் கையாலேயே அமைத்த சாராய அடுப்பு காட்சிக்கு இருக்கிறது.

இதில் நம்மாள் யாராவது உண்டா?

உண்டு. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனவர். 2010 மார்ச்சில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் ஓவல் ட்ராக்கில், நாஸ்காரின் பிக்-அப் ட்ரக் பிரிவில் இறங்கினார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். ஒரு சுற்று ஒரு கி.மீ.கூட இல்லாத குட்டி ட்ராக். 250 சுற்றுப் போட்டி. பழக்கமே இல்லாத வண்டியில் 13-ஆம் இடம் பிடித்தார்.

இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ட்ராக்குகளில் வலது, இடது என்று மாறி மாறித் திரும்பிப் பழகியவருக்கு இது புது உலகம். அந்த சீசன் முடிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, அந்தப் பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் முதல் ரேஸ் ஓட்டிய மார்ட்டின்ஸ்வில்லுக்குப் பக்கத்துக் கவுன்டியின் பெயர் ஃபிராங்க்ளின். ‘உலகின் மூன்ஷைன் தலைநகரம்’ என்று தன்னையே அழைத்துக்கொள்ளும் ஊர் அது.

கள்ளக்குறிச்சியின் ஜூன் 19

சார்லட் போட்டி நடந்து சரியாக 75 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சியின் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் வந்தது. கருணாபுரத்தில் முந்தைய நாள் விற்ற பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். அந்த ஆண்டு நவம்பரில் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது சென்னை உயர் நீதிமன்றம்.

அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். இது தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். ரேஸ் உலகத்துக்கும் இது புதிதல்ல. இன்னொரு ஓவல் போட்டியான ‘இண்டியானாபொலிஸ் 500’-ல் 1964-ல் நடந்த தீ விபத்தில் இருவர் இறந்த பிறகு, சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கே கார்களுக்கு எரிபொருளாக இருந்தது மெத்தனால்தான். பிறகு எத்தனாலுக்கு மாறினார்கள்.

இன்ஜின் தாங்கும் மெத்தனாலை உடம்பு தாங்காது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது முதலில் கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரிய அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். குடித்தவருக்குப் பார்வை மங்கினால், வாந்தியோ வயிற்று வலியோ வந்தால், ‘போதை தெளியட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கல்வராயனுக்கும் நாஸ்காருக்கும் என்ன முடிச்சு?

கல்வராயன் மலை என்றாலே ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற செய்திதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் செய்தியில் வராத விஷயங்கள் நிறைய. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. மரவள்ளியும் சாமையும் விளைகின்றன. விளைந்ததைக் கீழே கொண்டுவர நல்ல சாலை வேண்டும் என்பது நீண்ட நாள் கோரிக்கை. 2024-ல் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம், அடிப்படை வசதி பற்றிய வழக்கைக் கையில் எடுத்தது இதனால்தான்.

அப்பலாச்சியன் கதையும் இங்கேதான் தொட்டுக்கொள்கிறது. சாலை இல்லாத மலை, விலை கிடைக்காத விளைச்சல், சுலபமாக இறங்கும் சரக்கு. அங்கே ரெய்டு பல பத்தாண்டுகள் நடந்தது. பிடிபட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், திரும்பி வந்து மறுபடி காய்ச்சினார்கள். ஜூனியர் ஜான்சனுக்கே அதுதான் நடந்தது. அவர் கையில் இருந்த திறமைக்குச் சட்டப்படியான ஒரு சந்தை கிடைத்த பிறகுதான் வாழ்க்கை மாறியது. வில்க்ஸ் கவுன்டியில் ரேஸ் ட்ராக்கோடு கோழி நிறுவனமும் ஹார்டுவேர் கடை வியாபாரமும் வேலை கொடுத்தன. ரேஸ் மட்டுமே மலையை மாற்றியது என்று சொன்னால் அது சினிமாக் கதை.

இதற்காக வெள்ளிமலையில் ஓவல் ட்ராக் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு மலை வளைவில் ‘டிராஃப்டிங்’ செய்து பார்ப்பதும் முட்டாள்தனம். ட்ராக்கில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும், எதிரே பஸ் வராது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. 2011 முதல் நாஸ்கார் கார்களில் ஊற்றும் பெட்ரோலில் 15 சதவீதம் எத்தனால். மக்காச்சோளத்திலிருந்து எடுப்பது. போலீஸ் ஒரு காலத்தில் தேடித் தேடிக் கீழே கொட்டிய அதே சோளச் சாராயத்தின் மூலப்பொருள், இன்று சட்டப்படி டேங்குக்குள் போகிறது. இந்தியாவில் நம் பைக்கில் ஊற்றும் ‘இ20’ பெட்ரோலிலும் 20 சதவீதம் எத்தனால்தான். அதற்குக் கரும்பும் மக்காச்சோளமும் வேண்டும். கல்வராயன் அடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலேயே ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது.

மலையில் விளைவதற்கு மலையிலேயே நியாயமான விலை கிடைத்தால், அதை லாரி டியூபில் அடைத்து இரவில் இறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. அடுத்த முறை நாற்பது கார்கள் இடது பக்கமாகவே சுற்றும் வீடியோ வந்தால், அந்த வண்டிகளின் முன்னோர்கள் ஓடிய மலைச் சாலையும் ஞாபகத்துக்கு வரட்டும்.